ஓர்லாவுக்கு வில்லங்கம் பார்த்தவர்

மயிலாப்பூர் ராமானுஜம் தன் வாழ்நாளில் எதையும் முதல் தடவை பார்த்து நம்பியதில்லை. இரண்டாம் தடவை பார்த்தும் நம்பியதில்லை என்று பங்கஜம் சொல்வாள், கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஜாதகத்தில் பிறந்த நேரம் மூன்று நிமிஷம் இடிக்கிறது என்று கும்பகோணத்துக்கு ரயிலேறிப் போய், ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மனுஷர் முகூர்த்தத்துக்கே சம்மதித்தார். பதிவேட்டில் நேரமே எழுதியிருக்கவில்லை. அதனால் என்ன, போய்ப் பார்த்தாகிவிட்டது.

தி. நகரில் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் அவர் முப்பத்து நான்கு வருஷம் பத்திரம் பார்த்தார். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதக் கட்டு அவர் மேஜையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். தாய்ப் பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்கு இருக்கிறதா, செத்துப்போன சித்தப்பாவுக்கு எத்தனை வாரிசு, அதில் எவராவது அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போடாமல் அழும்பு செய்கிறாரா என்று ஒவ்வொன்றாகத் தோண்டுவார். அவர் பாஸ் செய்த மனையில் ஒன்றுகூடக் கோர்ட்டுக்குப் போனதில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இலை போடுவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இதைச் சொல்லிவிடுவார். அவர் பாஸ் செய்யாமல் திருப்பி அனுப்பியவையும் கோர்ட்டுக்குப் போனதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அடையாறு பக்கம் நடந்தால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைக் காட்டி, இதற்கு நான் கையெழுத்துப் போடவில்லை என்பார். கட்டடம் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தாயிற்று. மொட்டை மாடியில் துணி காய்கிறது. அடுத்த தெரு வங்கிக்காரன் கடன் கொடுத்திருக்கிறான்.

அறுபது வயதில் வங்கி அவருக்குச் சந்தன மாலை போட்டு அனுப்பிவைத்தது. மனுஷர் சும்மா இருந்துவிட்டால் இந்தக் கதை இல்லை. ஒரே பெண் கீர்த்திக்கு வரன் பார்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது; வங்கியின் சட்டப் பிரிவு அப்படியே கிளம்பி வந்து மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதல் வரன் ஒரு புதுக் கம்பெனியில் இருந்தான். அந்தக் கம்பெனி முதலாளிகள் இரண்டு பேருக்கும் ஆகாது என்று ராமானுஜம் துப்பறிந்து வேண்டாம் என்றார். பதினெட்டே மாதத்தில் கம்பெனி மூடப்பட்டது. அவர் சொன்னது அட்சரம் பிசகவில்லை. பையன் மூடுவதற்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டான். இரட்டைக் குழந்தைகளின் ஆயுஷ்ய ஹோமத்துக்குப் பத்திரிகைகூட வந்தது. இரண்டாவது வரனின் வீடு ஏரிப் புறம்போக்கை ஒட்டியிருந்தது. அதையும் சர்வே எண் போட்டுக் கண்டுபிடித்தார். பெருமழையில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தது உண்மைதான், கணுக்கால் அளவுக்கு. வந்த தண்ணீர் மறுநாள் போய்விட்டது. மூன்றாவது வரனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம். அதில் அவருக்கே கொஞ்சம் வெட்கம் உண்டு.

இப்படியாகக் கீர்த்திக்கு முப்பத்திரண்டு வயதாயிற்று. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். அப்பா ஒவ்வொரு வரனையும் தட்டிக் கழிக்கும்போது சரிப்பா என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவாள். அவள் அப்படிச் சொல்வதை ராமானுஜம் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார். பத்திரம் பார்க்கிறவருக்கு எழுத்தில் இல்லாத எதுவும் கண்ணில் படாது.

நான்காவதாக, தை மாதக் கடைசியில் பாரத் வந்தான். அடையாறு காந்தி நகர்க்காரன், முப்பத்து நான்கு வயது, தரமணியில் சாஃப்ட்வேர் வேலை. அப்பா விஜயராகவன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹோட்டலில் இரண்டு குடும்பமும் டிபன் சாப்பிடச் சந்தித்தார்கள். பையனும் பெண்ணும் தனி மேஜையில் அரை மணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது கீர்த்தி சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டளவில் இல்லை, எதையோ நினைத்து அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு. பங்கஜம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள், பார்த்தவுடன் மனசுக்குள் கல்யாண மண்டபமே பார்த்துவிட்டாள்.

ராமானுஜம் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. அவர் பையனிடம் என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதற்கென்று பாஷைகள் இருக்கின்றன, அதில் ஓர்லா என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது, எங்கள் கம்பெனியில் பழைய பாஷையில் இருப்பதையெல்லாம் ஓர்லாவில் திருப்பி எழுதுகிறோம், அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் பாரத். அந்தப் பாஷைக்கு எத்தனை வயது என்று கேட்டார் ராமானுஜம். நாலு வருஷம் என்றான் அவன், கொஞ்சம் பெருமையாக.

ராமானுஜம் கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் வைத்தார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லாத மனைக்கே முகம் சுளிக்கிறவர். நாலு வருஷத்துக்கு முன் பிறந்த ஒன்றை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா?

மறுநாள் காலை சிவப்பு நாடா கட்டிய ஒரு கோப்பு திறக்கப்பட்டது. மேலே "ஓர்லா" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கீர்த்தி கல்லூரிக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. ராமானுஜம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பிடிச்சிருக்குங்கறது வேற, டைட்டில் க்ளியரா இருக்குங்கறது வேற. ஒரு மாசம் குடு."

அவள் கொடுத்தாள்.

ஓர்லாவின் தாய்ப் பத்திரத்தைத் தேடி அவர் கம்ப்யூட்டருக்குள் இறங்கினார். அது இரண்டு பழைய பாஷைகளிலிருந்து பிறந்தது என்று போட்டிருந்தது. இரண்டு தாய்கள் என்றால் எதற்கு மூல உரிமை என்று பத்து நாள் குழம்பினார். செய்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பிரிந்துபோய் வேறொரு பாஷை செய்துகொண்டிருந்தார். இன்னொருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயோ பண்ணையில் ட்ராக்டர் ஓட்டுவதாகக் கேள்வி. நடுவில் ஏதோ சண்டை வந்து ஒரு கோஷ்டி அதே பாஷையைப் பிரதி எடுத்துக்கொண்டு வேறு பெயரில் தனிக்குடித்தனம் போயிருந்தது. ராமானுஜம் அதன் எதிரே "பாகப் பிரிவினை" என்று எழுதி அடிக்கோடிட்டார். குறை சொல்லி எழுத ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அதில் நாலாயிரத்துச் சொச்சம் குறைகள் தீராமல் கிடந்தன. நிலுவை வழக்குகள் என்று அதையும் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் பதிவு செய்ய ஒரு சார்பதிவாளர் அலுவலகம்கூடக் கிடையாது என்று தெரிந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மிச்சமிருந்த மூன்றாவது ஆளுக்கு, சான்றளிக்கப்பட்ட நகல்களை அனுப்பும்படி வங்கிக் கடித நடையில் ஒரு மின்னஞ்சல் போட்டார். நாலு நாளில் பதில் வந்தது. அதில் ஒரு மஞ்சள் மூஞ்சி சிரித்துக்கொண்டிருந்தது, வேறு ஒன்றுமில்லை. அதையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தார்.

பிறகு யூட்யூப். தாடி வைத்த ஒருத்தன், ஓர்லா வந்துவிட்டது, இனி மற்ற பாஷைக்காரர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று இருபது நிமிஷம் ஆவேசப்பட்டான். ஆறு வாரம் கழித்து அதே தாடி, அதே சட்டையில் வந்து, ஓர்லா செத்துவிட்டது, நான் அன்றைக்கே சொன்னேன் என்று இருபத்தைந்து நிமிஷம் ஆவேசப்பட்டான். இரண்டையும் லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். முன்னுக்குப் பின் முரணான சாட்சி என்று ராமானுஜம் தாடிக்காரனைத் தள்ளுபடி செய்தார்.

ஒரு மாசம் இரண்டாயிற்று. நேரில் பார்க்காமல் எதையும் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை என்பதால் பங்குனி வெயிலில் தி. நகருக்குப் போனார். உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. வாசலில் பளபளவென்று ஃபிளெக்ஸ் போர்டு: ஓர்லா, நாற்பத்தைந்து நாளில் வேலை உறுதி. போர்டின் ஒரு மூலை காற்றில் பிரிந்திருந்தது. ராமானுஜம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மூலையைத் தூக்கினார். அடியில் இன்னொரு பாஷையின் பெயர். அதற்கடியில் இன்னொன்று. மொத்தம் ஆறு எண்ணினார். ஆறிலும் அதே நாற்பத்தைந்து நாள், அதே வேலை உறுதி, மூக்குக் கண்ணாடி போட்ட அதே பெண் படம். ஒரு சொத்தின் முந்தைய உரிமையாளர்கள் வரிசையாகக் கிடைத்த மாதிரி அவருக்குப் பரம சந்தோஷம். வரிசையாகப் பெயர்களை எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து வரவேற்பு மேஜைப் பெண் சிம்ரா எழுந்து வந்தாள். அவர் கார்ப்பரேஷன் ஆளோ என்று முதலில் பயந்தாள். அப்படி இல்லை என்று தெரிந்ததும் சேர்க்கைப் படிவத்தை நீட்டினாள். இந்த ஆறும் என்ன ஆயிற்று என்று கேட்டார் ராமானுஜம். கீழே இருப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள் சார், மேலே இருப்பதற்குத்தான் இப்போது அட்மிஷன் என்றாள் அவள். இதைவிட நேர்மையான வாக்குமூலம் அவருக்கு அதன் பிறகு கிடைக்கவில்லை.

இந்த அலைச்சலுக்கெல்லாம் ஆட்டோ ஓட்டியவர் சாந்தோம் ஏசுராஜ். அப்பன் பாட்டன் எல்லாரும் கட்டுமரத்தில் போனவர்கள். இவர் மட்டும் கடலை விட்டு ரோட்டுக்கு வந்தவர். நாலைந்து சவாரியில் விஷயம் முழுக்க அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் லஸ் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நீ பொண்ணுக்கு மாப்ள பாக்குறியா, இல்ல அந்த பாசைக்கு மாப்ள பாக்குறியா? எனக்கு ஒண்ணும் பிரியல."

ராமானுஜத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் ஏசுராஜின் மகள் ஜாஸ்மின் தரமணியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள் என்று அதே சவாரியில் தெரியவந்ததால் கோபத்தை ஒத்திவைத்தார். அடுத்த வாரமே தரமணியில் அவள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் நின்றார்.

ஜாஸ்மினுக்குச் சாப்பாட்டு இடைவேளை. கையில் டீ கிளாஸோடு, ஓர்லா நிலைக்குமா என்ற கேள்வியைப் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் சிரித்தாள்.

"அங்கிள், ஒரு லாங்குவேஜ் நல்லா கீதுன்னு நிக்கிறதில்ல. மாத்த பயந்துக்கினு விட்டுடுறாங்க பாருங்க, அதாலதான் நிக்குது. எங்க ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது இன்னும் ஓடிக்கினு இருக்கு. யாருக்கும் புடிக்காது. தொடவும் எவனுக்கும் தைரியம் இல்ல."

ராமானுஜத்துக்கு டீ இனித்தது. இது அனுபவ பாத்தியம் அல்லவா? பத்திரம் இல்லாவிட்டாலும் போகிறது, பல காலமாக உட்கார்ந்திருந்தவனைக் காலி செய்ய முடியாது. சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அப்படியானால் ஓர்லா இதுவரை எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும்.

லாங்குவேஜ் போனால் போகட்டும் அங்கிள், நாங்கள் இன்னொன்று கற்றுக்கொள்ளப் போகிறோம், மாப்பிள்ளை ஆள் எப்படி என்று பாருங்கள் என்று ஜாஸ்மின் கடைசியாக ஒன்று சொன்னாள். சாட்சி விஷயத்தை விட்டு விலகிப் போகிறது என்று நினைத்துக்கொண்டு ராமானுஜம் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இதற்கிடையே விஜயராகவன் மூன்று தடவை போன் செய்தார். பங்குனியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ராமானுஜம், பாத்துண்டிருக்கேன் ஸ்வாமி, இன்னும் ரெண்டு பேப்பர்தான் பாக்கி என்றார். வைகாசி போனில் விஜயராகவனின் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். ஆனி பிறந்த பிறகு போன் வரவில்லை. நல்ல மனுஷர், தொந்தரவு செய்யாமல் இருக்கிறார் என்று ராமானுஜம் பங்கஜத்திடம் பாராட்டிப் பேசினார்.

பங்கஜம் சண்டைக்காரி இல்லை. ஆனாலும் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏன்னா, அது நிலைக்கறதோ போறதோ. அந்தப் பிள்ளை வேற ஏதாவது கத்துக்க மாட்டானா?"

அடிமனை சரியில்லாவிட்டால் வீடு எத்தனை அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை என்று ராமானுஜம் அவளுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். குழம்பு அடிப்பிடித்தது.

கீர்த்தியிடம் இந்த மாதங்களில் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா என்றால், தெரிந்தது. மாசி முதல் வைகாசி வரை சாயங்காலம் தாமதமாக வருவாள். செருப்பில் கடற்கரை மணல் ஒட்டியிருக்கும். ஆனிக்குப் பிறகு நேரத்தோடு வந்துவிடுகிறாள். செமஸ்டர் முடிந்திருக்கும் என்று அவர் நினைத்தார். அவள் ஒன்றிரண்டு தடவை கூடத்துக்கு வந்து அவர் மேஜைக்கு எதிரே சும்மா உட்கார்ந்தாள். ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இல்லப்பா என்றாள். அவர் திரும்பவும் கோப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்ததும் அறிக்கை முடிந்தது. நாற்பத்திரண்டு பக்கம். மூன்று வங்கிகளும் ஓர் ஆஸ்பத்திரிக் குழுமமும் தங்கள் முக்கியமான வேலைகளை ஓர்லாவில் எழுதிவிட்டார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்கு அதைத் தொடப் பயம். ஆகவே ஓர்லா குறைந்தது இருபத்தைந்து வருஷம் அசையாது. தலை சிறந்த நிபுணர்கள் மேடை போட்டு அடித்துக்கொண்ட கேள்விக்கு, மயிலாப்பூரில் பனியன் போட்டுக்கொண்டு ஒருவர் விடை கண்டுபிடித்துவிட்டார். விடை சரியானதும்கூட. அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, ஒரு முழம் மல்லிகை எல்லாம் வாங்கிக்கொண்டு, பங்கஜத்தையும் கோப்பையும் ஏசுராஜின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காந்தி நகர் போனார். கீர்த்தி வீட்டில் இல்லை, கல்லூரித் தோழி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வரும்போது நல்ல சேதியாகச் சொல்லலாம் என்று போன்கூடச் செய்யவில்லை. மனசுக்குள் அவளைப் பற்றிய வாஞ்சை பொங்கியது. இந்த ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லாமல் சரி என்று சொல்லப்போகிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கண்ணில் ஈரம் கட்டவைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும்.

விஜயராகவன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"விஷயம் காதுக்கு வந்துடுத்தா ஸ்வாமி? நேர்ல வரணும்னு தோணித்து பாருங்கோ, அது பெரிய மனசு."

அறிக்கை முடிந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ராமானுஜம் ஆச்சரியப்பட்டார். கீர்த்தி சொல்லியிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டு சோபாவில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோப்பின் நாடாவை அவிழ்த்தார். முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவும் ஆரம்பித்தார். தாய்ப் பத்திரம், பாகப் பிரிவினை, நிலுவை வழக்கு, தாடிக்காரன், ஃபிளெக்ஸ் போர்டு.

பங்கஜத்தின் கண் அறையைச் சுற்றியது. மூலையில் தி. நகர் பட்டுக்கடைப் பைகள் ஆறேழு. மேஜை மேல் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. அவளுக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. புருஷன் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள். இரு, முக்கியமான இடம் வருது என்றார் அவர்.

விஜயராகவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து பாரத் வந்து நின்றான். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை கேட்டான். ஆகவே ஓர்லா நிலைக்கும், எங்களுக்குப் பூரண சம்மதம் என்று ராமானுஜம் முடித்தார்.

"நீங்க பாத்தது ரொம்ப சரி மாமா, ஓர்லா நிலைக்கும்" என்றான் பாரத். குரலில் கேலியே இல்லை. "எங்க கம்பெனிதான் சித்திரையில மனசு மாறி வேற லாங்குவேஜுக்குப் போயிடுத்து. நானும் மூணு வாரத்துல கத்துண்டுட்டேன். அப்பவே கீர்த்திகிட்ட சொன்னேனே."

அடுத்த ஞாயிறு அவனுக்கு நிச்சயதார்த்தம், பெண் நங்கநல்லூர், ஐப்பசியில் கல்யாணம். இதை விஜயராகவன்தான் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. உங்கள் பெண் ஆனியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றல்லவா இருந்தோம் என்றார். கொண்டுபோன பழத்தட்டை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பங்கஜம் எழுந்து அதைப் பாரத்தின் அம்மா கையில் கொடுத்து, பிள்ளை க்ஷேமமாக இருக்கட்டும் என்றாள்.

சாயங்காலம் கீர்த்தி கூடத்து மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ராமானுஜம் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். இந்த ஏழு மாதத்தில் ஒன்றிரண்டு தடவை அவள் வந்து உட்கார்ந்த அதே நாற்காலி.

"சித்திரையிலேயே உனக்குத் தெரியுமாமே. ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

கீர்த்தி பேனாவை மூடி வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

"அவரைப் பத்தி ஒரு கேள்வியாவது கேப்பேள், அப்போ சேர்த்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்ப்பா. எதிர்ல வந்து உக்காந்துகூடப் பாத்தேன். நீங்க கேக்கவே இல்லை. ஆனியில அவர் கேட்டார், உங்கப்பா எப்போ முடிப்பார்னு. அவர் முடிக்க மாட்டார், நீங்க வேற பாருங்கோன்னு நான்தான் சொன்னேன்."

ராமானுஜம் கோப்பைத் திறந்து புரட்டினார். நாற்பத்திரண்டு பக்கத்தில் பாரத் என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில் இருந்தது, முதல் பக்கத்தில், விண்ணப்பதாரர் என்ற தலைப்புக்கு எதிரே. நாலாயிரம் குறைகளை ஒவ்வொன்றாகப் படித்தவர், பெண் எதற்குச் சிரித்தாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோப்பை மூடி நாடாவைக் கட்டினார்.

"அந்தப் பிள்ளை எப்படிம்மா?" என்று கேட்டார்.

கீர்த்தி அவரையே பார்த்தாள்.

"நாய்ன்னா பயம். பீச்ல ஒரு குட்டி வந்தாக்கூட என் பின்னாடி போய் நின்னுப்பார். அவாத்துல தினம் கார்த்தால அம்மாவுக்குக் காபி அவர்தான் போடுவார். நான் பேசிண்டிருக்கறச்சே ஒரு தடவைகூட போனை எடுத்துப் பாத்ததில்லை. நான் சொன்னதை ரெண்டு நாள் கழிச்சு ஞாபகம் வச்சுண்டு கேப்பார்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"போறும்ப்பா. ஐப்பசி வந்தா இன்னொருத்தியோட ஆத்துக்காரர். இதுக்கு மேல நான் சொல்லப்படாது."

பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.